நமக்கு நடுவில் ஒரு பசு

கிசாரா குன்று, ருவாண்டா
14 ஜனவரி 2007

அமாஷ்யோ, மருமகளே பத்தாமுரிசா!

உனக்கு மந்தை மந்தையாக மாடு பெருகட்டும். மாண்ட்ரியலில் மூன்றாவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்காதே. நம் ஊரில் வணக்கம் என்றால் அதுதான். "அமாஷோங்கோரே, அத்தனையும் பசுவாகவே பெருகட்டும்" என்று நீ பதில் சொன்னால்தான் வணக்கம் முடியும். போன கடிதத்தில் அதை விட்டுவிட்டாய். பரவாயில்லை, குளிரில் பேனா உறைந்திருக்கும்.

இப்போது, சுற்றியுள்ள ஏழு குன்றுகள் சாட்சியாக, உன் தாய்மாமன் ருகேமா ஆகிய நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன்: இதோ சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பினவர் யாராவது அகப்பட்டால் என்னிடம் அனுப்பு, அவருக்கு என் கழுதையை விற்கிறேன். என்னிடம் கழுதை கிடையாது.

நம் வீட்டுக்குத் துட்சி என்ற பெயர் எப்படி வந்தது? 1933இல் வெள்ளைக்காரத் துரை ஒருவர் மடக்கு மேசை, தடித்த பதிவேடு, மூக்கை அளக்கும் இடுக்கி சகிதம் நம் குன்றில் ஏறினார். ஹுட்டு, துட்சி என்ற சொற்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் மாடு பெருகினவன் ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல நகர்ந்துகொள்வான். மாடு செத்துத் தீர்ந்தால் அவன் பேரன் திரும்பி வருவான். துரைக்கு நகர்கிற பொருள் பிடிக்காது. ஆணி அடித்துவிட்டுப் போகவேண்டும். என் அப்பா செகமானாவின் மூக்கில் இடுக்கியை வைத்தார், இடுக்கி உடைந்தது. அதனால் மாட்டை எண்ண ஆரம்பித்தார். பத்து இருந்தால் துட்சி, இல்லாவிட்டால் ஹுட்டு. மற்ற குன்றுகளில் எப்படியோ, நம் குன்றில் அந்தத் துரை வைத்ததுதான் சட்டம்.

அப்பாவிடம் இருந்தவை மூன்று. அவர் தம்பி, என் சித்தப்பா பிசூருவிடம் இரண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே குழலில் வாழைக்கள் உறிஞ்சுகிறவர்கள். சித்தப்பா ஐந்து மாட்டையும் குடிசைக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். துரை ஐந்து என்று குறித்தார். குடிசைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அதே ஐந்தும் மறுபடி வந்தன. அப்பா ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் சூட்டிப் புகழ்பாட்டுப் பாடினார்: கொம்பால் நிலவைக் கீறியவள், எட்டு அரசர்களைப் பாலுக்கு வரிசையில் நிறுத்தியவள் என்று. பாட்டு முடியாததால் மாடும் முடியவில்லை. நானூறு தடவை சுற்றின. சுற்றின இடத்தில் பள்ளம் விழுந்து, மழை நிரம்பி, இன்றைக்கும் அங்கே ஓர் ஏரி இருக்கிறது. துரை பத்தோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு துரை சித்தப்பா வீட்டுக்குப் போனார். மாடெல்லாம் அண்ணன் பேரில் ஏறிவிட்டதே. "ஒண்ணுமில்லீங்க துரை" என்று கையை விரித்தார் சித்தப்பா. அண்ணன் துட்சி, தம்பி ஹுட்டு என்று அடையாள அட்டை வந்தது. இருவரும் ஒரே குடுவைக்கு முன்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

நல்ல கதை அல்லவா? உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதலாம்தான். பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

உன் மாமா,
பொய்யர்களின் பேரரசனும் ஏழு குன்றுகளின் காவலனுமாகிய
ருகேமா


மாண்ட்ரியல்
9 பிப்ரவரி 2007

மாமா,

பத்து மாட்டுக் கதையை நீங்கள் எனக்கு எழுதுவது இது ஐந்தாவது முறை. முதல் முறை அவை நாற்பது தடவைதான் சுற்றின. மை தீர்ந்த பேனாவால் இரண்டு பட்டங்களோடு கையெழுத்துப் போட எப்படி முடிந்தது என்றும் விளங்கவில்லை.

நான் கேட்டது 1994, துட்சிகளைத் தேடித்தேடிக் கொன்ற வருடம். எனக்கு அப்போது ஏழு வயது. நாம் புருண்டிக்குத் தப்பி ஓடிய பயணத்தில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: என் கையில் ஒரு மாட்டின் வால். முடி சொரசொரவென்று ஈரமாக இருக்கிறது. என்னை வளர்த்த அத்தை அதைக் கனவு என்கிறார். அவர் அப்போது இந்த ஊரில் இருந்தவர், அவருக்கு என்ன தெரியும்?

போன மாதம் ஒட்டாவாவில் ஒரு கல்யாணம். நம் குன்றைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். உங்கள் சித்தப்பா மகன் மத்தாபாரோ சிறையிலிருந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாராம். கொலை வழக்குகளை ஊராரே விசாரிக்கும் புல்தரைப் பஞ்சாயத்தில் அதை வாசித்தார்களாம். சாலைத் தடுப்பில் என் அம்மா பெர்பெத்துவா யாரென்று காட்டிக்கொடுத்தது அவளுடைய சொந்த அண்ணன் ருகேமா, தன் வாயாலேயே, என்று அதில் இருக்கிறதாம். "ஐயோ பொண்ணே, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

அம்மாவைக் காட்டிக்கொடுத்தது நீங்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். மாடுகள் வேண்டாம்.

பத்தாமுரிசா


கிசாரா குன்று
11 மார்ச் 2007

அமாஷ்யோ, மருமகளே.

பதில் வணக்கம் இன்னும் வரவில்லை. நான் பொறுமைசாலி.

ஆம், இல்லை என்ற இரண்டே சொல்லில் அடங்கக்கூடிய ஆளா உன் மாமன்? நடந்ததைக் கேள். நம்மிடம் இருந்த பசு உன்னை விழுங்கிவிட்டது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டே எட்டுத் தடுப்புகளைத் தாண்டியது. பசுவிடம் யார் அட்டை கேட்பார்கள்? நீ உள்ளே உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டு வந்தாய். அகன்யாரு ஆற்றை அது ஒரே தாவாகத் தாவி, புருண்டிக் கரையில் உன் சட்டை கசங்காமல் இறக்கிவைத்தது. எல்லைக் காவலர்கள் தொப்பியைக் கழற்றி

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று நாளாகக் கடிதம் மேசைமேல் கிடக்கிறது.

பத்து மாட்டுக் கதையில் நான் எப்போதும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. இன்றைக்கு அதை எழுதுகிறேன்.

அட்டையில் துட்சி என்று இருந்ததால் அப்பாவைச் சாலைவேலைக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள். ஹுட்டு அட்டைக்காரர்கள் கூலியில்லாமல் மண் சுமக்கவேண்டும். வராதவனுக்கு நீர்யானைத் தோல் சாட்டையால் எட்டு அடி. அடிக்கத் தயங்கும் மேஸ்திரிக்கும் எட்டு அடி. ஒருநாள் சித்தப்பாவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. அப்பா அடித்தார். எட்டு. தன் தம்பியை. எனக்குப் பத்து வயது, பக்கத்தில் நின்ற மத்தாபாரோவுக்கு ஆறு. சித்தப்பா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "அண்ணே, அதுல ரெண்டு மாடு என்னோடது" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர்கள் ஒரு குடுவையில் குடிக்கவில்லை.

பிறகு காற்று திரும்பியது. 1959இல் துட்சி வீடுகளை எரித்தார்கள், எங்களுடையதையும். பள்ளிக்கூடத்தில் துட்சிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். எங்கள் கடைக்குட்டியான உன் அம்மா ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்றாள். 1973இல் என் வாத்தியார் வேலை போயிற்று. நான் ஒரு குமாஸ்தாவுக்கு ஆடு ஒன்றைக் கொடுத்து, ஹுட்டு என்று புது அட்டை வாங்கிக்கொண்டேன். அப்பா மாட்டைக் கூட்டினார், மகன் குறைத்தான். உன் அம்மாவுக்கும் ஒன்று வாங்கித்தருகிறேன் என்றேன். "நீ சொல்ற பொய்யே நம்ம குடும்பத்துக்குப் போதும்ணே" என்றாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். 1969இல் நான் மத்தாபாரோ வாசலில் போய் நின்று, அந்த எட்டு அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் தொழுவத்துக்குப் போனான். செவலைக் கிடாரி ஒன்றை ஓட்டிவந்து கயிற்றை என் கையில் வைத்தான். பிஹோகோ என்று பெயர் வைத்தேன். பசு கொடுத்தவனும் வாங்கினவனும் ஒருவரையொருவர் கெடுப்பதில்லை. அந்தப் பசுவின் மேல் யாரும் பொய்ச்சத்தியம் செய்வதும் இல்லை. நான் ஆயிரம் பொய் சொன்னவன். பிஹோகோ மேல் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

ஜூன் 14ஆம் தேதி பஞ்சாயத்தில் மத்தாபாரோ வழக்கு வருகிறது. என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கே தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர்களுக்கு என்ன பட்டம் தெரியுமா? 'பொய்யை வெறுப்பவர்கள்.' "ருகேமா பேசப்போறாராம், பாய் தலைகாணியோட வாங்க, முடிய ரெண்டு நாளாகும்" என்று தண்ணீர்க் குழாயடியில் சிரிக்கிறார்கள். போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

ருகேமா


மாண்ட்ரியல்
8 ஏப்ரல் 2007

மாமா,

நேற்று இங்கே நினைவு நாள். இறந்தவரின் பெயரையும் எந்த இடத்தில் என்பதையும் ஒவ்வொருவராக மேடையேறி வாசிப்பது வழக்கம். நான் "பெர்பெத்துவா" என்று வாசித்தேன். இடத்துக்கு நேராகக் காகிதத்தில் ஒன்றுமில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் மெதுவாகத் தோளைத் தொட்டார்.

சாட்டையைப் பற்றி எழுதியதைப் படித்தேன். மத்தாபாரோ மாமாவுக்கு நம் மேல் ஏன் கோபம் இருந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் எட்டு அடி வாங்கினவர்களின் பிள்ளைகள் எல்லாரும் தடுப்பில் போய் நிற்கவில்லை. கோபத்துக்குக் காரணம் வேறு, கொலைக்குக் காரணம் வேறு. வானொலியில் தினமும் எங்களைக் கரப்பான்பூச்சி என்றார்களே, அதைப் பேசியவர்களுக்கு யார் எத்தனை அடி கொடுத்தார்கள்?

நான் பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அறையில் வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். "அது மாதிரி ஒரு குடை உலகத்திலேயே கெடையாது" என்று ஆரம்பிக்கிறவரின் குடை பெரும்பாலும் எங்களிடம் இருக்காது. உண்மையாகவே தொலைத்தவர்கள் நீட்டி முழக்கமாட்டார்கள். "பச்சை. கைப்பிடி உடைஞ்சிருக்கும். அம்பத்தொண்ணாம் நம்பர் பஸ்ல விட்டேன்." அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கொடுக்கும் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று கேள்விகள். நிறம் என்ன? எந்த இடத்தில்? கடைசியாகப் பார்த்தது எப்போது? ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடுதான் இருக்கிறது. என் அம்மாவுக்காக அதை நிரப்பி அனுப்புங்கள்.

பத்தாமுரிசா


கிசாரா குன்று
6 மே 2007

மருமகளே,

நிறம்: மஞ்சள். நீலப் பறவைகள் அச்சடித்த துணி.

இடம்: செங்கல் சூளைத் திருப்பத்தில் இருந்த தடுப்பு.

கடைசியாகப் பார்த்தது: 1994 ஏப்ரல் 25, காலை. தூறல்.

கோடு தீர்ந்துவிட்டது. மீதியைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

உன் அப்பாவை அதற்கு இரண்டு நாள் முன்பு கொன்றிருந்தார்கள். உன் அம்மா, நீ, நான், பிஹோகோவின் மகள் வழி வந்த பசு ஒன்று. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களை, ஓடிப்போகிறவர்கள் என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா தன் அட்டையை அடுப்பில் போட்டுவிட்டாள்.

தடுப்பில் மத்தாபாரோவும், வேறு குன்றுகளிலிருந்து வந்த இளைஞர்கள் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது, கையில் நம் குன்றுத் துட்சிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தது. மத்தாபாரோவுக்குத் தெரியும்.

என் அட்டையைப் பார்த்தார்கள். உன்னைக் காட்டி யாரென்றார்கள். என் மகள் என்றேன். மத்தாபாரோ உன்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு உன் அம்மாவைக் காட்டி யாரென்றார்கள். பொய் தயாராக இருந்தது. என் மனைவி, வடக்கே பிறந்தவள், அட்டை தொலைந்துவிட்டது. மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பொய். நான் வாய் திறக்கும் முன் மத்தாபாரோ சொன்னான்:

"அண்ணே, நமக்கு நடுவுல இருக்கற பசு மேல சத்தியமா சொல்லு. இவ யாரு?"

அவன் கதவைத் திறக்கிறான் என்று நினைத்தேன். நமக்கு நடுவில் ஒரு பசு இருக்கிறது, பயப்படாதே, நான் உன்னைக் கெடுக்கமாட்டேன் என்று சொல்கிறான் என நினைத்தேன். அந்தப் பசுவின் மேல் பொய் சொல்லவும் என் நாக்கு எழவில்லை.

"தங்கச்சி. நம்ம தங்கச்சி பெர்பெத்துவா" என்றேன். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது.

தடுப்பு மரத்தை எனக்கும் உனக்கும் மாட்டுக்கும் தூக்கினார்கள். அவளுக்குத் தூக்கவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் என் பொய் தேவைப்பட்டது. அங்கே உண்மையைச் சொன்னேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில், ஆம்.

ருகேமா


மாண்ட்ரியல்
28 மே 2007

மாமா,

படிவம் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது. மன்னிக்கமாட்டேன் என்று எழுதினேன், அதுவும் அப்படித்தான் இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பஞ்சாயத்துக்குப் போங்கள். எனக்கு எழுதியதை எழுதிய மாதிரியே சொல்லுங்கள். அவர் என்னைப் போகவிட்டதையும் சொல்லவேண்டும். அது அவருக்கு உதவும் என்றாலும் சொல்லவேண்டும்.

அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். நினைவு நாள் காகிதத்தில் எனக்கு அந்தக் கட்டம் நிரம்பவேண்டும்.

பத்தாமுரிசா


கிசாரா குன்று
24 ஜூன் 2007

அமாஷ்யோ, மருமகளே.

போனேன். யூகலிப்டஸ் மரத்தடியில் முந்நூறு பேர். நான் எழுந்ததுமே சிரிப்பு. யாரோ ஒருவன் நிஜமாகவே தலையணை கொண்டுவந்திருந்தான். ஒரு குடுவைக் கள் காலியாகும் நேரம் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு மிடறு நேரம்கூடப் பேசவில்லை. உட்கார்ந்த பிறகும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவ்ளோதானா?" என்றான் தலையணைக்காரன்.

மத்தாபாரோ எழுந்தான். கைதிகளின் இளஞ்சிவப்புச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. நீதிபதிகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நீ பொய் சொல்வேன்னு நெனச்சேன்ணே. பசு மேல சத்தியம்னா அந்தப் பசங்க அதுக்கு மேல கேக்கமாட்டாங்க. இந்தக் குன்றுலயே பெரிய பொய்யன் நீ. பசு மேலயும் சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

மருமகளே, அவன் நான் பொய்யன் என்பதை நம்பினான். நான் பசுவை நம்பினேன். அவன் சொன்னது நிஜமா, பதிமூன்று வருடம் சிறையில் உட்கார்ந்து தனக்காகக் கட்டிக்கொண்ட கதையா, எனக்குத் தெரியாது. கதை கட்டுகிற எனக்கே தெரியவில்லை.

நீதிபதிகளில் மூத்தவள் ஒரு பெண், நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அவள் கேட்டாள்: "சத்தியம் யாரோடதோ இருக்கட்டும். வெட்டுக்கத்தி யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில" என்றான். "பசங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. பயந்துட்டேன்."

"அவளும் பயந்துதான் இருந்தா" என்றாள் அந்தப் பெண். எழுதிக்கொண்டார்கள்.

இடத்தைக் காட்டினான். சூளைக்குக் கீழே, செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய குழி. மறுநாள் குன்றே மண்வெட்டியோடு வந்தது, அவன் பிள்ளைகள் இருவர் உட்பட. அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். நிறத்தை வைத்து அடையாளம் கண்டோம். மஞ்சள் மங்கவேயில்லை, நீலப் பறவைகளில் ஆறு மிஞ்சியிருந்தன. பறவைகள் நானூறு என்று எழுதக் கை துடித்தது. ஆறுதான்.

நீ வரும்வரை அடக்கத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். மழைக்கு முன் வந்தால் நல்லது. உன் கட்டத்தில் 'செங்கல் சூளைக் குழி, கிசாரா' என்று எழுதிக்கொள்.

கடைசியாக ஒன்று. படிவத்தில் இதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். எழுதினால் ஜோடனை என்று நீ எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவாய் என்று பயம். பசு உன்னை விழுங்கியது பொய். ஆற்றைத் தாவியது பொய். இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனோம். எல்லைக் காவலரின் தொப்பி பொய். ஏரி பொய். மாடுகள் இரண்டு முறை சுற்றினவா என்பதே அப்பா சொல்லிக் கேட்டதுதான்.

வால் மட்டும் நிஜம். தடுப்பு மரத்தைத் தூக்கியதும் உன் அம்மா தன் கையில் இருந்த உன் கையைப் பிரித்து, மழையில் நனைந்த அந்த வாலை அதில் வைத்து மூடினாள். "இத விட்றாத" என்றாள். நீ ஆறு வரைக்கும் விடவில்லை.

ருகேமா